என் படம் போட்ட மாவு

அருள்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகு உன் அப்பாவை விட்டுச் சொல்லவைத்தேன். அது பொய். நீ பேசியதை மேலே கேட்க முடியாமல்தான் வைத்தேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஓசூரில் உன் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து முழுவதையும் படி.

நீ சொன்னது இதுதான். "எனக்கும் மெர்சிக்கும் கல்யாணம் முடிஞ்சதும் இந்த வேலைய வுட்டுட்டு டேவிட் மாமா கம்பெனிலயே சேந்துக்கலாம்னு இருக்கேம்மா. அது நீ ஆரம்பிச்சது தானே. மாமாவே கூப்புடுறாரு. இன்னும் எத்தினி நாளைக்கு ரெண்டு பேரும் மூஞ்சிய திருப்பிக்கினு இருப்பீங்க? பத்திரிகைய நீயே நேர்ல போயி வச்சிட்டு வந்துடும்மா." நீ தப்பாக ஒன்றும் பேசவில்லை. உனக்குத் தெரிந்ததை வைத்துப் பேசினாய். மிச்சம் உனக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் நான். முட்டிவலி, நாள் முழுக்க நிற்க முடியவில்லை, அதனால் கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டேன் என்று நான்கு வருடமாக உன்னிடமும் சபையிலும் சொல்லி வருகிறேன். என் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம்கூட வெள்ளிமலையில் சாமை மூட்டைகளை வண்டியில் ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அந்தத் தொழில் எப்படி ஆரம்பித்தது என்பதில் பாதியை நீயே பார்த்திருக்கிறாய். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். அந்தப் பள்ளி டீச்சர்களுக்குக் காலையில் மாவு அரைக்க நேரமில்லை என்று, வீட்டில் இருந்த சின்ன கிரைண்டரில் அரைத்து அவர்கள் தூக்கில் ஊற்றிக்கொடுத்தேன். ஒரு தூக்கு பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று. திருப்பூரில் வேலை போய் உன் மாமா திரும்பி வந்தபோது அவனையும் சேர்த்துக்கொண்டேன். எனக்கு அரைக்கத் தெரியும், அவனுக்கு விற்கத் தெரியும். அவன்தான் பாக்கெட் போடச் சொன்னான், வண்டி வாங்கச் சொன்னான். சங்கராபுரம், திருக்கோவிலூர், எலவனாசூர்கோட்டை என்று லைன் நீண்டது. பாக்கெட் மேல் என் படம் வேண்டும் என்று சொன்னவனும் அவன்தான். ஸ்டுடியோவில் மஞ்சள் புடவை கட்டி, கையில் இட்லித் தட்டோடு நான் நின்றதைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். வெளியில் உன்னை அதட்டினேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டாய். பஸ்ஸில் போகும்போது கடைகளின் வாசலில் என் முகம் தொங்குகிறதா என்று எண்ணிக்கொண்டே போவேன். பத்து வருடம் இப்படிப் போயிற்று. அந்தக் கம்பெனிப் பெயரை இந்தக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

மாவுத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கடைக்காரன் விற்காத பாக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பான். அதற்கு ரிட்டன் என்று பெயர். வெயில் காலத்தில் அது தலையணை மாதிரி உப்பிக்கொண்டு வரும். ஊசி பட்டால் வெடித்து முகத்தில் அடிக்கும். அந்த நாற்றம் புடவையில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. ரிட்டனைக் கொட்டிவிட வேண்டும். வேறு வழி அதில் கிடையாது.

நீ கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பாண்டிச்சேரியில் இரண்டு வாரம் இருந்தோம் அல்லவா. திரும்பி வந்த அன்று மதியம் யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குப் போனேன். முன்பக்கம் ஆபீஸ் பளபளவென்று இருந்தது. நான் நேராகப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போனேன். தரையில் ரிட்டன் பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. நான்கு பெண்கள் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி நீல டிரம்மில் பிழிந்துகொண்டிருந்தார்கள். மேலே மஞ்சளும் பச்சையுமாக ஏடு. ஒருத்தி அதைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டினாள். தட்டிய இடத்தில் ஈ மொய்த்தது, அதற்குக் கீழே புழு நெளிந்துகொண்டும் இருந்தது. இன்னொருத்தி சோடா உப்பை அள்ளிப் போட்டு, ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டு, கம்பால் கலக்கினாள். பக்கத்தில் அன்றைக்கு அரைத்த புது மாவு காத்திருந்தது. வெட்டிப்போட்ட கவர்களில் எல்லாம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சில முகங்கள் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஆரம்பத்திலிருந்து என்னோடு வேலை பார்த்த செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாக்கா, புதுசா பாக்குற மாதிரி நிக்கிற? எப்பவும் செய்யிறது தானே. இப்ப கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

டேவிட்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் கோபப்படவில்லை. ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னான். "எதுக்குக்கா இப்பிடி கத்துற? இத எனக்கு கத்துக்குடுத்ததே நீ தான?"

அருள், அவன் சொன்னது உண்மை. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு எதையாவது எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் இதை விட்டுவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. நீ ஒன்பதாவது படித்த வருடம் ஐப்பசி மழையில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து திருக்கோவிலூர் பக்கம் வண்டி போகவில்லை. மூன்று நாள் மாவு அப்படியே திரும்பி வந்தது. அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. உளுந்தைக் களைந்தது என் கை, அரைத்தது என் கை என்று நினைத்தேன். கொஞ்சம் முகர்ந்து பார்த்தேன். புளிப்புதான், கெட்டுப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பங்கு பழையது, பத்து பங்கு புதியது என்று நானே அளந்து ஊற்றினேன். டேவிட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் யாரும் புகார் சொல்லவில்லை. "ஒண்ணும் ஆவலடா, பாத்தியா" என்று அவனிடம் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு ரிட்டன் வரும்போதெல்லாம் அவன் என்னைக் கேட்பதில்லை, நானும் பின்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். பாராட்டு விழா, பேட்டி, மகளிர் குழுவில் பேச்சு என்று எனக்கும் வேலை இருந்தது. ஒரு பங்கு எப்போது மூன்று பங்காயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்த முதல் கலப்பு மாவு கடைகளுக்குப் போன அன்று காலை, நம் வீட்டுக்கும் ஒரு பாத்திரம் எடுத்து வந்திருந்தேன். அடுப்பில் இட்லிக் குண்டானை வைத்துவிட்டு, மாவை அள்ளப் போன கையை அப்படியே எடுத்துவிட்டேன். உனக்கு ரவை உப்புமா கிண்டிக் கொடுத்தேன். "மாவு கம்பெனி வச்சிக்கினு உப்புமா போடுறியேம்மா" என்று நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். என் பிள்ளைக்கு ஆகாது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. ஊரார் பிள்ளைகளுக்கு அதைத்தான் அனுப்பியிருந்தேன், மேலே என் சிரிப்பையும் ஒட்டி. அன்றைய என்னை நினைத்து அடைகிற அளவு அருவருப்பை நான் வேறு யாரைப் பார்த்தும் அடைந்ததில்லை. உன் மாமாவைப் பார்த்துக்கூட இல்லை.

கொட்டகையைப் பார்த்த பிறகு, ரிட்டனைக் கொட்டியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு மாதம் கொட்டினார்கள். பிறகு டேவிட், அவன் தொழிலில் சேர்த்த இரண்டு பங்குதாரர்கள், ஆடிட்டர் எல்லோருமாக என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். "கொட்டிக்கினே இருந்தா மூடிக்கினு தான் போவணும்க்கா. நம்ம ஊர்ல எவன் கொட்டுறான் சொல்லு" என்றான் டேவிட். ஆடிட்டர் என் பக்கமே திரும்பாமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேசையில் முந்திரி கேக்கும் டீயும் வைத்திருந்தார்கள். பேசப் பேச அவர்கள் தின்றுகொண்டே இருந்ததை என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள் போல, காகிதம் தயாராக இருந்தது. ஐந்து வருடத்துக்கு இந்த மாவட்டத்தில் நான் மாவுத் தொழில் செய்யக்கூடாது. கம்பெனிப் பெயரும் என் படமும் அவர்களுக்கே. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். படத்தைத் தரமாட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நான் போனாலும் ஊரில் என் முகம் இருக்கட்டுமே என்று ஒரு அற்ப ஆசை. நீ எப்போதாவது ஒன்றை விட்டு வெளியே வந்தால் முழுசாக வா. உன் பெயரையும் முகத்தையும் உள்ளே விட்டுவிட்டு வராதே. நான் விட்டுவிட்டு வந்து படுவதை இப்போது சொல்கிறேன்.

வெளியே வந்த மறுவாரமே போன் அடங்கிவிட்டது. தினமும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டவர்கள் கடைத்தெருவில் என்னைக் கண்டால் போனில் பேசுவதுபோல் நடந்தார்கள். ஒரு கல்லூரியில் மகளிர் தினத்துக்குச் சாதனைப் பெண் என்று கூப்பிட்டார்கள். நான் இப்போது அங்கே இல்லை என்றேன். "அதெல்லாம் சொல்ல வேணாங்க மேடம், பசங்களுக்கு தெரியவா போவுது" என்றார் அந்த ஏற்பாட்டாளர். போகவில்லை. அறுப்பின் பண்டிகை அன்று டேவிட் ஆலயத்தில் எழுந்து சாட்சி சொன்னான். "கர்த்தர் எங்க தொழில வருசா வருசம் ஆசீர்வதிச்சிக்கினு வர்றாரு." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த என் வாயும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. வேறு என்ன தெரியும் என்று பார்த்தால் தானியம் தெரியும். கல்வராயன் மலையில் சாமை விளைகிறது, அதைத் தீட்டி அரிசியாக்கி விற்கலாம் என்று ஆரம்பித்தேன். உமி நீக்க ஒரு சின்ன மெஷின், நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், உன் அப்பா, நான். வெள்ளிமலைக்குப் போய் முதலில் குப்பாயி என்கிற பெண்ணிடம் வாங்கினேன். அவள் காட்டில் சாமை போடுகிறவள். மூட்டையை அவிழ்க்காமலேயே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போன வருசம் வந்த ஆளு ஈரமா கீதுன்னு சொல்லி எடையில அடிச்சிட்டு போனான். நீ இன்னா சொல்லி அடிக்கப் போற? இப்பவே சொல்லிடு, நேரம் மிச்சம்." எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்ட விலைக்கே வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் அடியில் கல். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளையும் என்னையும் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் சந்திக்கிறோம், எதிராளி ஏமாற்றத்தான் வந்திருக்கிறாள் என்று உறுதியாக நம்பிக்கொண்டு. மூன்று வருடம் மாதாமாதம் மலை ஏறியபிறகு இப்போதுதான் அவள் மூட்டையைத் தரையில் கொட்டிக் காட்டித் தருகிறாள்.

ஒருநாள் ஷெட் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கணவன் சர்க்கரை ஆலையில் வேலை. பையிலிருந்து மாவு பாக்கெட் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். உப்பி இருந்தது. "எங்க பாப்பா ரெண்டு நாளா வாந்தி எடுக்குது. கம்பெனிக்கு போனா வேற பாக்கெட் ரெண்டு குடுத்து போன்னு சொல்றாங்க. நீங்க இங்க இருக்கீங்கன்னு கேட்டுக்கினு வந்தேன்."

"நான் இப்ப அங்க இல்லம்மா. வந்து மூணு வருசம் ஆச்சி" என்றேன்.

"அப்ப எதுக்கு உங்க மூஞ்சி இதுல கீது? உங்க மூஞ்சிய பாத்து தானே வாங்குறோம்."

குழந்தையை நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னேன், அது தேறிவிட்டது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவள் போனபின் அந்த பாக்கெட் மேசையிலேயே இருந்தது. உன் அப்பா அதை எடுத்துக்கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார். பிணத்தைப் புதைப்பது மாதிரி ஆழமாகவே தோண்டினார்.

இவ்வளவு பட்டபிறகும் என் கை என்ன செய்தது என்று கேள். போன மழைக்காலத்தில் சாமை மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. அன்று புதுச் சரக்கும் வந்திருந்தது. நான் முறத்தில் போட்டுப் புடைத்து, வண்டு போனதும், அந்தப் பழையதைப் புதியதோடு கலக்க ஆரம்பித்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அரை மூட்டை கலந்திருப்பேன். உன் அப்பா வாசலில் நின்று, "இத நாம துன்னுவமா?" என்று கேட்டார். முறம் கையிலேயே நின்றது. கலந்தது கலக்காதது எல்லாவற்றையும் கோழிக்குப் போட்டேன். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன், மாவு விற்ற காலத்தில் ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கலாமே என்று. "அப்ப நீ கேக்குற நெலமைல இல்ல" என்றார். புதிதாக ஆரம்பிக்கிறேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நம்பாதே, அருள். இடத்தை விட்டு வந்துவிடலாம். கையை எங்கே விட்டுவிட்டு வருவது? இன்றைக்கும் ஒவ்வொரு மூட்டையையும் கட்டும்முன் ஒரு பிடி எடுத்து எங்களுக்குப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். அது நல்ல குணத்தால் அல்ல, என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நீ சொன்னபடியே பத்திரிகையை எடுத்துக்கொண்டு டேவிட் வீட்டுக்குப் போனேன். என்ன இருந்தாலும் உன் தாய்மாமன். மேடையில் உனக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன். பட்டுத் துண்டை விரித்துப் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நாலு வருசம் ஆச்சிக்கா, நீ இந்த வூட்டு வாசல மிதிச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு நிமிடம் நான்கூட இளகிவிட்டேன். "சீர் பத்தி நீ கவலப்படாத. என் அக்கா புள்ளைக்கு நான் செய்யாம எவன் செய்வான்? இன்னா வேணும், சொல்லு."

"எதுவும் வேணாம்டா. பாக்கெட்ல இருந்து என் படத்த எடுத்துடு. நீ எனக்கு செய்யிற சீர் அதுவே போதும்."

அவன் மறுப்பான், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் சிரித்தான். "நானே சொல்லலாம்னு இருந்தேன். உன் படம் பழசாயிடிச்சிக்கா. இப்ப வாங்குறவங்க எல்லாம் சின்ன பொண்ணுங்க. நம்ம மெர்சி படத்த போடப்போறோம். டீச்சரா கீது, மூஞ்சில ஒரு நம்பிக்க கீது, பாத்தாலே வாங்கிடுவாங்க. அருளு கிட்ட சொன்னேன், அவனும் சரின்னுட்டான். உங்கிட்ட சொல்லலியா?"

அவன் மனைவி கொண்டுவந்து வைத்த ஜூஸைத் தொடாமல் எழுந்துவிட்டேன். வாசலைத் தாண்டி அவன் கார் பக்கம் போகும்வரைதான் தாங்க முடிந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன். அவன் ஓடிவந்து முதுகைத் தடவினான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

நீ சரி என்று சொன்னாயா, அருள்? மெர்சியைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாயா? உன்னை அவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்று இப்போதாவது உனக்குப் புரிகிறதா? வேலைக்குப் போகாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதை நீ முடிவு செய்துகொள். முடிவு செய்யும்முன் ஒரு மதியம், போன் பண்ணாமல், அந்தத் தகரக் கொட்டகைக்குள் போய் அரைமணி நேரம் நின்றுவிட்டு வா. அதற்குமேல் உன்னை நான் கேட்கமாட்டேன்.

மெர்சி விஷயம் வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரவிக்கை அளவு கொடுக்க அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். நான் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். உன் மாமாவிலிருந்து ஆரம்பிக்கமாட்டேன், என்னிலிருந்து ஆரம்பிப்பேன். கேட்டுவிட்டு இந்தக் குடும்பமே வேண்டாம் என்று அவள் எழுந்து போனால் பஸ் ஏற்றிவிட்டு வருவேன், தடுக்கமாட்டேன். நீ சனிக்கிழமையே வந்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, நீயே சொல்லலாம். உன் வாயால் கேட்டால், உன்னைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஒரு காரணமாவது இருக்கும்.

அம்மா